முட்டுக்காட்டுக் காயலில் குடும்பத்தோடு கயாக்: இறங்குவது முதல் கரை சேர்வது வரை

காலை ஆறேகால் மணி. முட்டுக்காட்டுப் பாலத்துக்கு மேற்கே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. என் மாமியார் கரையில் நின்று லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். வயது 62, நீச்சல் தெரியாது. புடவைதான் எப்போதும். இன்றைக்காக மட்டும் மகளின் பேச்சைக் கேட்டுச் சுடிதார் போட்டு வந்திருக்கிறார். "இவ்ளோ இறுக்கினா மூச்சு எப்படிம்மா விடறது?" என்கிறார். "இறுக்கமா இருந்தாதான் அத்தை அது வேலை செய்யும்" என்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து அவரைப் படகிலிருந்து இறக்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கயாக் ஓட்டுவது கடினம் இல்லை. அரை மணி நேரத்தில் யாருக்கும் கை பழகிவிடும். எந்த நேரத்தில் இறங்குவது, எந்தப் பக்கம் போவது, எப்போது திரும்புவது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. மூன்று வருடம் முன்பு வேறோர் ஊர்க் காயலில் நாங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். பத்து மணிக்கு இறங்கினோம். முதுகில் காற்று, படகு தானாகப் போனது. 20 நிமிடத்தில் எதிர்க்கரை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. கரை வந்து சேர ஒரு மணி பத்து நிமிடம். மகனுக்கு அவர்கள் தந்திருந்தது பெரியவர்களுடைய ஜாக்கெட். அது காதுவரை ஏறி நின்றது. மகள் வெயிலில் அழ ஆரம்பித்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து நான் திரும்பி வருவதைத் திட்டம் போட்ட பிறகுதான் போவதைத் திட்டம் போடுகிறேன். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தொலைவில் முட்டுக்காடு. பலரும் ஏரி என்கிறார்கள். உண்மையில் இது கடலோடு தொடர்புள்ள காயல். சாலைப் பாலத்துக்குக் கிழக்கே கோவளத்தை ஒட்டி முகத்துவாரமும் கடலும். மேற்கே அகன்ற, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது. தாது வருடப் பஞ்சத்தில் பட்டினியில் இருந்த மக்களுக்குக் கூலி கொடுத்து, 1877-78-இல் சென்னை நகருக்குள் ஒரு பகுதியை வெட்டி இணைத்த கால்வாய் அது. அந்தக் கரையைக் கடக்கும்போதெல்லாம் குழந்தைகளிடம் இதைச் சொல்வேன்.

வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும்போது மணல்திட்டு உடைந்து முகத்துவாரம் அகலமாகத் திறக்கும். மழை நின்று மாதங்கள் ஆக ஆக, கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயைச் சுருக்கும், சில சமயம் மூடியேவிடும். வாய் திறந்திருந்தால், கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஏற்றமும் வற்றமும் காயலுக்குள் வரும். மூடியிருந்தால் தண்ணீர் குளம்போல நிற்கும். ஆகவே போன மாதம் பார்த்த காயல் இந்த மாதம் அதே காயல் இல்லை. இறங்குவதற்கு முன் பாலத்தின் மேலிருந்து ஒரு நிமிடம் கீழே பாருங்கள். தூண்களைச் சுற்றித் தண்ணீர் கிழக்கு நோக்கிச் சுழித்து ஓடினால் வற்றம் நடக்கிறது. அது படகையும் கடலுக்குத்தான் இழுக்கும். சென்னைக் கடலில் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரிய அளவில் இல்லை, ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீரும் குறுகலான பாலத்தடி வழியாகத்தான் போயாக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓட்டம் இன்னும் வேகம்.

எனவே இந்தக் காயலில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று: பாலத்துக்குக் கிழக்கே போவதே இல்லை. முகத்துவாரம் பார்க்க அழகாக இருக்கும். அலையும் ஓட்டமும் மோதும் இடம் அது. பழகியவர்களே யோசித்துத்தான் போவார்கள். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் பேரலை அல்லது கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரென்று பொங்கி வரும் அலை) எச்சரிக்கை விடுத்த நாளில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மாதமும் மணியும்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை குடும்பங்களுக்கு ஏற்ற காலம். வெயில் தாங்கும், வெள்ளம் வடிந்திருக்கும், பறவைகளும் இருக்கும். வடக்கிலிருந்து வரும் வாடை மட்டும் சில நாள் விடியற்காலையிலேயே வீசும். ஏப்ரல் முதல் ஜூன் வரை போகலாம், ஆனால் ஒன்பது மணிக்குள் கரையில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக இருக்கும். அது படகைப் பாலத்தை நோக்கித் தள்ளும். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலையில் இடிமழை சகஜம் என்பதால் மாலைப் பயணம் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாங்கள் போவதில்லை. ஓட்டம் ஒரு காரணம். மழை நகரத்துக் கழிவையெல்லாம் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு காரணம்.

மணிக்கு வருவோம், இதுதான் முக்கியம். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியலில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. சூரியன் ஏறியதும் நிலம் காய்ந்து, கணக்கு தலைகீழாகி, கடற்காற்று உள்ளே புகும். சென்னைப் பக்கம் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு மணியளவில் அது வரும். சென்னைக்காரர்களுக்கு அது வரம், கயாக்கில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் பாலத்துப் பக்கமிருந்து புறப்பட்டு மேற்கே போயிருப்பீர்கள். கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். அதாவது திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று, அதுவும் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில்.

ஆகவே ஆறு, ஆறரைக்கு இறங்குங்கள். எட்டு, எட்டரைக்குக் கரை சேருங்கள். படகுத் துறைகள் அதிகாலையில் திறந்திருக்காது. கயாக் கற்றுத்தருபவர்களிடம் முதல் நாளே பேசிவைத்தால் காலை நேரம் கிடைக்கும். முந்தின இரவு கைப்பேசியில் காற்று வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் சிறு குழந்தைகளோடு வேண்டாம். 20 என்றால் வீட்டிலேயே இட்லி சாப்பிடலாம். தண்ணீரில் இருக்கும்போது செயலியைப் பார்க்க முடியாது, கண்தான் கருவி. சிற்றலைகளின் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்ததும் திரும்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்" என்று யார் கேட்டாலும் சரி.

இடி கேட்டால் மறுபேச்சே இல்லை, கரைக்கு வந்துவிடுங்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கயாக்கா, கானோவா?

கயாக்கில் இரண்டு முனையிலும் தட்டுள்ள துடுப்பு. இடம், வலம் என மாற்றி மாற்றிப் போடுவோம். கானோ திறந்த படகு, நம் வள்ளத்தின் சாயல். அதற்கு ஒரே ஒரு தட்டுள்ள துடுப்பு. கயாக்கிலும் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே கால் நுழைத்து உட்கார வேண்டும். இன்னொன்றில் மேலேயே உட்காரலாம். குடும்பத்துக்கு மேலே உட்காரும் வகைதான் சரி. கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொள்ளாது. தரையிலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும். அகலமாக இருப்பதால் ஆட்டம் குறைவு, வேகமும் குறைவு. வேகம் நமக்கு வேண்டாம்.

இருவர் கயாக்கில் பெரியவர் ஒருவர் பின்னால், குழந்தை முன்னால். நான்கு பேர் என்றால் இரண்டு கயாக், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர். ஒரே படகில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று ஏற்றப் பார்ப்பார்கள். படகில் எழுதியிருக்கும் எடை அளவைப் பாருங்கள், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் துடுப்புக் கொடுக்கத் தேவையில்லை. கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தண்ணீரில் விட்டுவிட்டு அழுவார்கள்.

நம் ஊரில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கயாக்தான். கானோ போன்ற அனுபவம் வேண்டுமானால், கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் உள்ள மன்றோ தீவில் உள்ளூர்க்காரர் கழியால் தள்ளிச் செல்லும் வள்ளத்தில் ஏறலாம். வயதானவர்களுக்கு அது அருமை. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் உண்டு. நல்ல கானோ கையில் கிடைத்தால் முன்னவர் ஒரு பக்கம், பின்னவர் மறுபக்கம் துடுப்புப் போடுங்கள். ஆட்டம் எடுத்தால் இருக்கையில் உட்காராமல் தரையில் முட்டி போடுங்கள். எழுந்து நிற்கவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்: இதில் மட்டும் பிடிவாதம் பிடியுங்கள்

மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. கரையில் கால் வைப்பதிலிருந்து திரும்பி வரும்வரை எல்லோரும் போட்டிருக்க வேண்டும். நீச்சல் தெரிந்த அப்பாவும்தான். அவர் கழற்றினால் குழந்தைகளும் கழற்றுவார்கள்.

ஜாக்கெட்டின் உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதில் எடை வரம்பும், மிதப்பு விசை 50 நியூட்டனா 100 நியூட்டனா என்பதும் இருக்கும். 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி. நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 100 நியூட்டன் வகை, அதாவது கழுத்துப் பட்டையோடு முகத்தை மேலே திருப்பிவைக்க உதவும் வகை நல்லது. சீட்டே அழிந்துபோன, நுரை நசுங்கிப்போன ஜாக்கெட்டைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற இல்லை என்றால் அன்றைக்குப் படகு இல்லை. நான் இரண்டு முறை அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். பிள்ளைகள் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

போட்டுவிட்ட பிறகு ஒரு சோதனை. குழந்தையின் ஜாக்கெட்டை இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள். குழந்தையும் சேர்ந்து எழும்பினால் சரி. ஜாக்கெட் மட்டும் மேலேறிக் காதைத் தொட்டால், தண்ணீரிலும் அதுவே நடக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தொடைக்கு நடுவே வரும் வார் கட்டாயம் வேண்டும். வீட்டுக்குச் சொந்தமாக வாங்குவதென்றால் குழந்தைகளுக்கு முதலில் வாங்குங்கள், ஏனென்றால் வாடகை இடங்களில் அவர்கள் அளவுதான் இருக்காது. வளர்வார்களே என்று ஒரு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். அது பள்ளிச் சீருடைக்குச் சரி. ஜாக்கெட்டில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள். மூன்று முறை ஊதினால் "உதவி" என்று வீட்டில் பழக்கிவையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்பு என்று நினைத்துக் குழந்தையைப் படகோடு எதைக் கொண்டும் கட்டிவிடாதீர்கள். படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறுதான் எமன்.

உடுப்பு, பை

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். துப்பட்டா, புடவைத் தலைப்பு எல்லாம் கை கால்களில் சுற்றும். சீக்கிரம் காயும் சட்டை முழுக்கையாகவும், கீழே லெக்கிங்ஸ் அல்லது டிராக் பேண்டும் போதும். தொப்பிக்கு நாடா வேண்டும். கண்ணாடிக்கும் பின்னால் ஒரு கயிறு கட்டுங்கள். காலில் செருப்பு வேண்டாம். பழைய கேன்வாஸ் ஷூ அல்லது பின்வார் உள்ள சாண்டல் போடுங்கள். பாலத் தூண்களிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பிளேடுபோல வெட்டும். தண்ணீர் பட்டால் வெட்டினது அப்போது தெரியாது, கரையேறிய பிறகுதான் ரத்தம் தெரியும்.

பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை மிட்டாய், எஸ்.பி.எஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், சின்ன முதலுதவிப் பெட்டி, ஒரு கயிறு. கைப்பேசியை நீர்புகாப் பையில் போட்டுப் பெரியவர் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும். படகில் கட்டிவைத்தால் படகோடு போய்விடும். கைப்பேசியில் 108-ம், தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ம் பதிந்திருக்கட்டும். கிளம்புமுன் கரையில் இருக்கும் ஒருவரிடமோ ஊரில் உள்ள உறவினரிடமோ சொல்லுங்கள்: எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம். அந்த மணிக்கு அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கரையில் 10 நிமிடம்

தண்ணீரில் கற்றுக்கொள்ளலாம் என்று நேரே ஏறிவிடாதீர்கள். மணலிலேயே கயாக்கில் உட்காருங்கள். முதுகு நிமிர்ந்து, முட்டி சற்றே மடங்கி, குதிகால் கால்பள்ளத்தில் பதிந்திருக்க வேண்டும். துடுப்பைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். இரண்டு முழங்கையும் செங்கோணமாக இருந்தால் கை வைக்கும் இடம் சரி. தட்டில் நீளமான ஓரம் மேலே இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் எழுத்து அச்சடித்திருக்கும். எழுத்து தலைகீழாக இருந்தால் துடுப்பும் தலைகீழ்தான்.

பிடி எப்படி? கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தவர்களுக்குத்தான் உள்ளங்கையில் கொப்புளம் வரும்.

துடுப்புப் போடுவதில் ஒரே ரகசியம், கையால் இழுக்காமல் உடம்பால் திருப்புவது. வலது பக்கம் போடும்போது வலது தோள் முன்னே போக இடுப்பிலிருந்து திரும்புங்கள். பாதத்துக்கு நேராகத் தட்டைத் தண்ணீரில் முழுக்க இறக்குங்கள். உடம்பை நேர்ப்படுத்திக்கொண்டே வாருங்கள். தட்டு இடுப்பைத் தொடும்போது வெளியே எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் தண்ணீரை மேலே அள்ளுகிறீர்கள், படகு நகராது. என் மாமியார் இதை இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "உரல்ல மாவாட்டற மாதிரிதானே, கை சும்மா இருக்கும், இடுப்புதான் சுத்தும்" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

திருப்ப வேண்டுமானால், போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் துடுப்பை முன்னாலிருந்து பின்னால்வரை அகலமாக, அரை வட்டமாக வீசுங்கள். நிறுத்த வேண்டுமானால் இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பின்னோக்கித் தள்ளுங்கள். நான்கு தள்ளில் நிற்கும். இருவர் கயாக்கில் தாளம் போடுவது முன்னவர், திருப்புவது பின்னவர். பின்னவர் முன்னவரின் தோளைப் பார்த்து அதே பக்கம் போட வேண்டும், இல்லாவிட்டால் துடுப்புகள் டக் டக்கென்று மோதும். எங்கள் மகள் முன்னால் உட்கார்ந்து "ஏலேலோ" என்பாள், பின்னால் இருப்பவர் "ஐலசா" என்று துடுப்பைப் போடுவார். தாளம் தப்புவதே இல்லை.

வேண்டுமென்றே கவிழுங்கள்

இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முதல் பயணத்துக்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில், கூட ஒரு பயிற்றுநர் நிற்க, எல்லோரும் ஒரு முறை கவிழ்ந்து பார்க்க வேண்டும். முதல் முறை பயமாக இருக்கும். மூன்றாவது முறை பிள்ளைகள் "இன்னொரு தடவை" என்பார்கள். கவிழ்வது என்னவென்று தெரிந்தவர்கள் பிறகு படகில் கல்லாகச் சமைந்து உட்காரமாட்டார்கள். உடம்பு தளர்ந்திருந்தால் கவிழ்வதும் குறையும்.

கவிழ்ந்தால் முதலில் ஆளை எண்ணுங்கள். ஒவ்வொருவரும் சத்தமாகப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகு மூழ்காது, தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்கும் அதுதான் தெரியும். கரை பக்கம்தானே என்று நீந்தப் போகாதீர்கள். படகு குப்புறக் கிடந்தால் அடிப்பக்கத்துக்கு மேலே கையை எட்டிப்போட்டு எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தால் புரண்டு நிமிரும். இனி ஏறுவது. இருக்கைக்குப் பக்கவாட்டில் நின்று, காலை மீன் வால்போல உதைத்து உடம்பை மிதக்கவைத்து, படகின் குறுக்கே வயிற்றைப் போடுங்கள். புரண்டு உட்காருங்கள். கடைசியில் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இடுப்பு, கால், இதுதான் வரிசை. எங்கள் வீட்டுக் குட்டி இதைப் பாட்டாகவே பாடுவான். ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் படகை அழுத்திப் பிடித்தால் மறுபடி கவிழாது. குழந்தையை முதலில் ஏற்றுங்கள்.

ஆழம் குறைவு என்று நம்பி எல்லா இடத்திலும் காலை ஊன்றிவிடாதீர்கள். பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவு, மார்பளவுதான். ஆனால் தூர்வாரிய பகுதிகள் ஆழம், ஓரங்களில் முட்டிவரை இழுக்கும் சேறு. திருக்கை மீனும் சேற்றில் படுத்திருக்கும். நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசிக்கொண்டே நடங்கள், அது விலகிப் போய்விடும்.

முதல் பயணத்தின் பாதை

முதல் நாள் மொத்தம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போதும். குழந்தைகளோடு மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் போக முடியும். நடுவில் நிற்பதற்கும் நேரம் வேண்டும்.

இறங்கியதும் பாலத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்புங்கள். நட்டநடு நீரில் போகாமல் கரையை ஒட்டியே போங்கள். கரைக்கும் படகுக்கும் 20, 30 மீட்டருக்கு மேல் வேண்டாம். எந்தக் கரை? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தக் கரை. வாடை வீசினால் வடகரை. காற்று ஓட்டமாக ஓடித்தான் அலையை வளர்க்கும். காற்று புறப்படும் கரையோரத்தில் அதற்கு ஓட இடம் இல்லாததால் தண்ணீர் அடங்கியிருக்கும். மெதுவாகப் போகிறவர் முன்னால், தெம்பானவர் பின்னால். இரண்டு படகுக்கும் இடையே குரல் கேட்கும் தூரம். இதை மாற்றினால் பிள்ளைகள் முந்தப் போய் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்பார்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு முறை துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். இந்த நேரம்தான் பயணத்தின் சுவையே. துடுப்புச் சத்தம் நின்றதும் காயல் பேச ஆரம்பிக்கும். மடவை மீன் ஒன்று திடீரென்று வெள்ளிபோலத் துள்ளி, பக்கத்திலேயே இன்னொரு முறை துள்ளி மறையும். கம்பின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். செம்பருந்து தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரு மீனைக் காலால் பற்றிக்கொண்டு போகும். பறவைக் கூட்டத்தை நோக்கிப் படகைச் செலுத்த வேண்டாம். ஒன்றிரண்டு தலை நிமிர்த்திப் பார்த்தாலே நாம் கிட்டப் போய்விட்டோம் என்று பொருள்.

திரும்பும் நேரத்தைத் தூரத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், கடிகாரத்தை வைத்துத் தீர்மானியுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் முப்பதாவது நிமிடத்தில் திரும்புங்கள். மூன்றில் ஒரு பங்கு போக, இரண்டு பங்கு வர. காற்று இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டால் கரையருகே விளையாடலாமே. பயண வழியில் யாருக்காவது பேச்சு குறைந்தால் கவனியுங்கள். குழந்தை அமைதியாகிவிட்டது என்றால் பசி, குளிர், வெயில், பயம், இவற்றில் ஒன்று.

படகுக் குழாமின் விசைப்படகுகள் ஓட ஆரம்பித்தால் அவற்றின் தடத்தை விட்டு விலகுங்கள். அவை கிளப்பும் அலை பக்கவாட்டில் வந்தால் ஆட்டும். முனையை அலைக்கு நேராகத் திருப்பிவிட்டால் ஏறி இறங்கிப் போய்விடும். அந்த நேரத்தில் துடுப்பைத் தூக்கிவைக்காமல் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருங்கள்.

அங்கே வேலை செய்கிறவர்கள்

நமக்கு இது விடுமுறை. அங்கே இருக்கும் பலருக்கு இது வயிற்றுப்பாடு. கம்பு நட்ட இடத்தில் வலை இருக்கும், மிதவை வரிசை தெரிந்தால் அதன் கீழேயும் வலை. சுற்றிப் போங்கள். தெரியாமல் துடுப்பு மாட்டினால் வலையை இழுக்காதீர்கள், அறுக்காதீர்கள், பின்னோக்கி வந்து விடுவியுங்கள்.

இன்னொன்றை நேரில் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. ஒரு நாள் காலை, தண்ணீர் மேல் நான்கைந்து தேங்காய்கள் மிதப்பதுபோலத் தெரிந்தது. கிட்டப் போனதும்தான் அவை தலைகள் என்று புரிந்தது. கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர். பெண்களும் இருந்தார்கள். ஒருவர் பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள்ளிருந்து கை வரும், பறிக்குள் போகும், திரும்பத் தண்ணீருக்குள் போகும். அவர்கள் விரல் நுனியால்தான் பார்க்கிறார்கள். நம் படகு கிளப்பும் அலையும் சேறும் அவர்களுடைய அன்றைய கூலியைக் கலைத்துவிடும். நிறுத்தி, 50 மீட்டராவது ஒதுங்கிச் சுற்றிப் போங்கள். கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். என் மகள் கை அசைத்தாள். அந்த அம்மா பறியைக் கவ்வியபடியே தலையை ஆட்டினார்.

மீனவர்களிடம் பேசுங்கள். "அண்ணே, இன்னிக்குக் காத்து எப்படி?" என்று கேட்டால் எந்தச் செயலியும் சொல்லாததைச் சொல்வார்கள். ஒரு முறை எட்டு மணிக்கே ஒருவர் எங்களைப் பார்த்து, "கொண்டல் ஏறப்போகுதும்மா, கரையப் புடிச்சிக்கோங்க" என்றார். கொண்டல் என்பது கிழக்குக் காற்று. வானம் தெளிவாகத்தான் இருந்தது. நாங்கள் கரையேறி ஜாக்கெட்டைக் கழற்றும்போது தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது.

கரை சேர்ந்த பிறகு

இறங்கும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். படகை மணலில் முட்டவைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அப்புறம் எழுந்திருங்கள். வயதானவர்களுக்குக் கையைக் கொடுக்காதீர்கள், முன்கையைக் கொடுங்கள். பிடி உறுதியாக இருக்கும்.

உடனே நல்ல தண்ணீரில் கை, கால், முகம் கழுவுங்கள். காயல் தண்ணீர் வாய்க்குள் போயிருந்தால் கொப்பளியுங்கள். சிராய்ப்பு, வெட்டு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். சிப்பி வெட்டு ஆழமாக இருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் யாருக்காவது கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், காயலில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய நீர் வழியாகவும் வரும்.

சொந்த ஜாக்கெட் என்றால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், எல்லாக் கொக்கிகளையும் திறந்துவிட்டுக் காயப்போடுங்கள். உப்பு காய்ந்தால் ஜிப்பும் கொக்கியும் இறுகிவிடும். வெயிலில் போட்டால் துணி நைந்துபோகும்.

பிறகு ஒரு சின்ன வேலை. எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எத்தனை மணிக்கு இறங்கினோம், காற்று எப்போது மாறியது, முகத்துவாரம் திறந்திருந்ததா, யார் எப்போது களைத்தார்கள் என்று எழுதுவோம். அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் நேரம் குறிக்கிறோம். போன பிப்ரவரிப் பக்கத்தில் என் எழுத்துக்குக் கீழே மாமியாரின் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "8.10-க்குக் காற்று. அடுத்த தடவை நான் முன்னால்."